இரண்டு நாற்பத்தேழரை

"ஒரே வயித்துல பொறந்ததுங்க, ஒரே மார்க் வாங்கியிருக்குதுங்க. ஒருத்தி பாஸ், ஒருத்தி ஃபெயிலா? இது எந்த ஊர் நியாயம் டீச்சர்?"

ஆசிரியர் அறை வாசலில் நின்று தையல்காரம்மா போட்ட சத்தத்தில், மார்க் பட்டியலில் தலையைக் கவிழ்த்திருந்த எல்லாரும் நிமிர்ந்தார்கள். அவள் கையில் இரட்டை மகள்களின் இரண்டு ரிப்போர்ட் கார்டுகள்.

எட்டாம் வகுப்புக் கணக்கில் இருவரும் சொல்லி வைத்தாற்போல நூற்றிருபதுக்கு நாற்பத்தேழரை. சதவீதமாக்கினால் 39.58. நாற்பது இருந்தால் 'டி' கிரேடு, பாஸ். அதற்குக் கீழே போனால் 'ஈ', ஃபெயில்.

சின்னவளின் பிரிவுக்குக் கணக்கு எடுப்பவர், பிள்ளைகள் 'தங்க சார்' என்று கொண்டாடுகிற மனிதர். 39.58ஐ நாற்பதாக்கி 'டி' போட்டுவிட்டார். பெரியவளின் பிரிவுக்கு வாய்த்தவர் 'கறார் டீச்சர்'. அவர் 'ஈ' போட்டார். முழு எண்ணாக்க வேண்டும் என்று பள்ளி விதியில் இல்லை. கூடாது என்றும் இல்லை.

"துணி அரை இஞ்ச் குறைஞ்சா நாங்க அட்ஜஸ்ட் பண்ணித் தைக்கலையா? உங்களுக்கு மட்டும் மனசே வராதா?"

"மனசை வச்சு மார்க் போட முடியாதும்மா" என்றார் கறார் டீச்சர். "உங்க பொண்ணுக்குப் பின்னக் கணக்கே வரல. லீவுல இருபது நாள் அனுப்புங்க, சொல்லித் தரேன். அப்புறம் மறுபரீட்சை எழுதட்டும்."

"தங்கச்சி வீட்டுல ஆடிக்கிட்டிருப்பா, இவ மட்டும் பையைத் தூக்கிக்கிட்டு வரணுமா? அதுலயும் தேறலைன்னா? ஆறு நிமிஷம் முன்னாடி பொறந்தவ ஒரு வருஷம் பின்னாடி படிக்கணுமா?"

தையல்காரம்மா தங்க சார் பக்கம் திரும்பினாள்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்."

"குழந்தைங்கதானேம்மா, பொழைச்சுப் போகட்டும்" என்றார் அவர். அவள் போனதும் கறார் டீச்சரைப் பார்த்துச் சிரித்தார். "அரை மார்க்குல என்ன டீச்சர் குடி முழுகிடப் போகுது?"

பெரியவள் முதல் நாள் அழுதுகொண்டே வந்தாள். இருபது நாளும் வந்தாள். மறுபரீட்சையில் ஐம்பத்திரண்டு சதவீதம். அக்காவும் தங்கையும் ஒன்றாகவே ஒன்பதாம் வகுப்புக்குப் போனார்கள்.

அடுத்த வருடம் மறுபரீட்சை ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் தையல்காரம்மா மறுபடி வந்தாள். இந்த முறை சத்தம் இல்லை. நேராகத் தங்க சார் மேஜைக்கு வந்தாள். பின்னால் சின்னவள், தலை குனிந்தபடி.

"பெரியவ கணக்குல 'பி' வாங்கிட்டா சார். இவ ஃபெயில். மறுபரீட்சையிலயும் போச்சு. அவ மேல போறா, இவ அதே கிளாஸ்ல இருக்கணும். ரெண்டு நாளா அக்காகிட்டப் பேசறதே இல்ல. தட்டைத் தூக்கிக்கிட்டுத் தனியா உக்காந்து சாப்பிடறா."

சாருக்கு என்னவோ போலிருந்தது. சின்னவளை அருகில் அழைத்தார்.

"ஏம்மா, புரியலைன்னு போன வருஷமே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதான் பாஸ் போட்டிருந்தீங்களே சார்" என்றாள் அவள். "எனக்குக் கணக்கு தெரியும்னு நெனச்சுட்டேன்."

பக்கத்து மேஜையில் கறார் டீச்சர் இருந்தார். அவர் காதிலும் அது விழுந்ததுதான் தங்க சாரை இன்னும் சுட்டது.

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவளையும் அன்னைக்கு ஃபெயில் போட்டிருக்கலாமேன்னு இப்பத் தோணுது சார். ஆனா உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். நீங்க நல்ல மனசுலதான் போட்டீங்க."

தங்க சாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரே ஒரு பிள்ளைக்கு 'ஈ' போட்டாலும், போட்ட ஆசிரியரே லீவில் இருபது நாளும் வந்து பாடம் நடத்த வேண்டும் என்பது பள்ளி விதி. போன வருடம் மார்க் பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருவதற்கு முன்பே, அந்த லீவில் குடும்பத்தோடு மலைக்குச் சுற்றுலா போக அவர் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டிருந்தார்.