ஸ்டோரேஜ் பெட்டி யாருக்கு?

என் மனைவிக்கு என் ஹார்ட் டிஸ்க் மேல் மரியாதையே கிடையாது. என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய் வந்தால், அது அவள் கம்ப்யூட்டர் பக்கத்தில் கிடக்கும்.

"முடிஞ்ச வீடியோவை கஸ்டமருக்கு அனுப்ப வேணாமா? அதான் எடுத்தேன்" என்பாள்.

அனுப்புவது அவள் வேலை. எடிட்டிங் என் வேலை. என் பெருமையை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்வதில்லை, என்ன செய்ய? இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கஸ்டமர்தான் குறை சொன்னார். அதுவும் ஆரம்பத்தில். முடித்த வீடியோவை நான் மறுபடி போட்டுப் பார்ப்பதுகூட இல்லை. அவ்வளவு நம்பிக்கை!

நேற்று அந்த டிஸ்க் அவள் மேஜையிலிருந்து கீழே விழுந்தது. டிஸ்க் பிழைத்துக்கொண்டது. எனக்குத்தான் பாதி உயிர் போய்விட்டது.

"போதும்மா! நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஒண்ணு வாங்கிடறேன். ரெண்டு கம்ப்யூட்டரும் அதுலேர்ந்தே எடுத்துக்கும், டிஸ்க்கைத் தூக்கவே வேணாம்" என்று கத்தினேன்.

இன்று கம்ப்யூட்டர் கடைக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், எத்தனை பேர் எடிட் பண்றீங்க?"

"நான் ஒருத்தன்தான்." நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"அப்போ இது வேணாம் சார். ஒரே வீடியோவுல ரெண்டு பேர், தனித்தனி கம்ப்யூட்டர்ல வேலை பார்த்தாத்தான் இந்தப் பெட்டி. ஒருத்தருக்குன்னா நேரா மாட்டுற டிஸ்க்தான் வேகம். இன்னொரு டிஸ்க்ல காப்பி வெச்சுக்குங்க, போதும்."

விற்க வந்தவரே வேண்டாம் என்கிறார்! பெட்டியில் நீல விளக்கு மினுக்க, வருகிறவர்களிடம் "அதுவா, நம்ம சர்வர்" என்று அலட்சியமாகச் சொல்ல ஒத்திகையெல்லாம் பார்த்து வைத்திருந்தேன்.

"சரி, டிஸ்க்கே குடுங்க. ஆனா மேஜையோட வெச்சுப் பூட்டிடணும். இனிமே இவ தொடவே வேணாம். வீடியோவை நானே அனுப்பிக்கறேன்."

மனைவியின் முகம் மாறிவிட்டது. "வேணாங்க. பெட்டியே வாங்கிடலாம்."

துடைப்பம் வாங்கவே ஒரு மாசம் யோசிப்பவள்!

"அதான் ஒருத்தருக்கு வேணாம்னு சொல்றாரே. உனக்கென்ன தெரியும் இதைப் பத்தி?"

கடைக்காரர் டிஸ்க் எடுத்துவரக் கிளம்பினார். அவரை வழியனுப்ப அவள் வாசலுக்குப் போனாள். அவர் போனை மேஜையிலேயே விட்டுவிட்டார். எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கதவருகில் அவள் குரல் கேட்டது.

"அண்ணே, பெட்டிதான் சரிப்படும்னு நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. அவர் முடிச்சு வெச்சதும், அவர் இல்லாதப்ப நான் உக்காந்து திருத்தித்தான் அனுப்பறேன். முன்னாடி ஒரு கஸ்டமர் குறை சொன்னதுக்கே சோறு தண்ணி இல்லாம படுத்துட்டாரு. அதை என்னால பார்க்க முடியலை. இது அவருக்குத் தெரிய வேணாம்."

பூனை மாதிரி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். முகமெல்லாம் சுட்டது. வெட்கமா, அழுகையா, எனக்கே தெரியவில்லை.

கடைக்காரர் போனைத் தேடிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அவள்.

"யோசிச்சுப் பார்த்தேன் சார்..." என்று இழுத்தார். "பெட்டியே வாங்கிடுங்க."

"நீங்க சொன்னா சரி."

"பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும்தானே சார்?"

"அதை இவகிட்டயே குடுத்துடுங்க" என்றேன். "எனக்கு மறதி ஜாஸ்தி."