பழுதான வீடியோ

"அண்ணை, இந்த வீடியோ பழுது," என்றான் அனிஸ்ரன். மூன்றாவது தடவையாகச் சொல்கிறான்.

ஆண்டியப்பன் நம்புவதாக இல்லை. விசுவமடுச் சந்தியில் அனிஸ்ரன் ஸ்ரூடியோ திறந்து நான்கு வருடம். அவன் திருத்தாத வீடியோ இல்லை என்று ஊரில் ஒரு கதை. அந்தக் கதையைக் கிளப்பிவிட்டதில் அனிஸ்ரனுக்கும் பங்குண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டியப்பனின் மகள் யதுர்ஷிகா பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு. தாய் சிவரூபி அரபு நாட்டில் வீட்டுவேலை. அவள் வர முடியாது என்றதும் பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பந்தலில் திரை கட்டி, ஆலாத்தி எடுக்கிற நேரம் அம்மா அதில் கதைக்க வேண்டும். சிவரூபியும் ஒரு வீடியோ எடுத்துப் புருசனின் போனுக்கு அனுப்பியிருந்தாள்.

அதுதான் இரண்டு நாளாக அனிஸ்ரனின் உயிரை வாங்கியது. முதலில் எடிற்றிங் மென்பொருள் அதை உள்ளே எடுக்கவே மாட்டேன் என்றது. அது அவனுக்குப் பழகின கரைச்சல்தான். போனில் எடுத்து வருகிறவை இப்படி அடம்பிடிக்கும். வேறு வகைக் கோப்பாக மாற்றிக் கொடுத்தான். உள்ளே வந்தது. குரல் கேட்டது, படம் மட்டும் ஒரே கறுப்பு. மறுபடி மாற்றினான், கறுப்பு. வேறு மென்பொருளில் போட்டுப் பார்த்தான். அதிலும் கறுப்பு.

"என்ர போனிலயும் கறுப்பாத்தான் கிடந்தது தம்பி," என்றார் ஆண்டியப்பன். "அது பழைய போன். உங்கட கொம்பியூட்டரில எண்டாலும் முகம் தெரியும் எண்டு நினைச்சன்."

குரலாவது ஒழுங்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. குசுகுசுவென்று ஒரு பேச்சு. முழுச் சத்தம் வைத்தால்தான் "யது... அம்மாடா..." என்பது பிடிபடும். பெற்ற பிள்ளையின் கொண்டாட்டத்துக்கு வாய் திறந்து கதைக்கவும் பஞ்சியா என்று அனிஸ்ரனுக்கு எரிச்சல் வந்தது. கனடாவிலிருந்து அனுப்புகிறவர்கள் சேலை உடுத்து, பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று வடிவாகக் கதைத்து அனுப்புகிறார்கள். இவாவுக்கு மட்டும் என்ன வந்தது?

ஆண்டியப்பனிடம் நம்பரை வாங்கி, அவனே குரல் பதிவு அனுப்பினான்.

"அக்கா, உங்கட வீடியோ பழுதாப் போச்சு. திரும்ப எடுத்து அனுப்புங்கோ. நல்லா லைற்றைப் போட்டு, சத்தமாக் கதையுங்கோ. மகளின்ர ஒரு நாள் விசயம். இதைக்கூடச் செய்ய ஏலாதோ?"

கடைசி வசனத்தைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. சொல்லிவிட்டான்.

அன்று பின்னேரம்தான் மறுமொழி வந்தது. எழுத்தில், ஒரே வரி. "சரி தம்பி, எடுக்கிறன்."

வியாழன் ஒன்றும் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. சனிக்கிழமை காலை, தாயின் இடத்தில் ஒரு ரோசாப்பூவையும் 'அம்மாவின் வாழ்த்து' என்ற எழுத்தையும் போட்டு அனிஸ்ரன் வேலையை முடித்தான். பத்து மணி போல ஆண்டியப்பன் வந்தார்.

"அக்காவுக்கு நேரம் கிடைக்கேல்லைப் போல," என்று அனிஸ்ரன் ஒரு குத்துக் குத்தினான்.

ஆண்டியப்பன் கதிரையில் இருந்தார். சிவரூபியிடம் இனிப் போன் இல்லை என்றார். பக்கத்து வீட்டில் வேலை செய்கிற ஒரு பிள்ளை நேற்றுப் போன் எடுத்துச் சொன்னாளாம். அந்த வீட்டில் வேலைக்கு நிற்பவர்கள் போன் வைத்திருக்கக்கூடாது. இவ்வளவு நாளும் அரிசி மூட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தவள், லைற்றைப் போட்டுச் சத்தமாகக் கதைக்கப் போய்ப் பிடிபட்டுப்போனாள்.

"சாமான் அறையில லைற் போட்டா கதவுக்குக் கீழால வெளிச்சம் தெரியுமாம் தம்பி. அதுதான் முதல்முறை இருட்டுக்க இருந்து எடுத்தவா. படம் விழுந்ததோ எண்டு பாக்கவும் நேரமில்லையாம். எங்களுக்கு உதொண்டும் சொல்லேல்லை. சுகமா இருக்கிறன் எண்டுதான் எப்பவும் சொல்லுறவா."

அனிஸ்ரனுக்குத் தலை நிமிரவில்லை. தான் அனுப்பிய குரல் பதிவு சொல்லுக்குச் சொல் நினைவுக்கு வந்தது. இந்த மனுசன் இரண்டு ஏச்சாவது ஏசட்டும் என்று காத்திருந்தான். ஆண்டியப்பன் ஏசவில்லை.

"அந்தப் பிள்ளையிட்டச் சொல்லி அவா ஒண்டு கேட்டு விட்டவா," என்றார். "முதல் அனுப்பின அந்தப் பழுதான வீடியோ... யதுவுக்கு அது காணுமோ, போதுமோ எண்டு."

அனிஸ்ரன் ரோசாப்பூவை அழித்தான். அந்தக் கறுப்புப் படத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தான்.

"காணும் அண்ணை," என்றான். "அதில ஒரு பழுதும் இல்லை."