நாலரை மணி அலாரம்

"இன்னைக்கு எப்படியாவது சொல்லிடணும்" என்று அவள் அடுப்பிலிருந்த தேநீர்ப் பாத்திரத்திடம் சொன்னாள்.

நாலரை மணி அலாரம் அடித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் சமையலறைக்கும் கூடத்துக்குமாக ஏழெட்டு தடவை நடந்துவிட்டாள். ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

அவள் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துகிறவள். காலை ஷிப்டில் கண் எழுத்தைப் பார்க்கும், மூளை பார்க்காது. போன வாரம் ஒரு பெரிய மனிதரின் படத்துக்குக் கீழே மாட்டுக் கண்காட்சியின் குறிப்பு போய்விட்டது. ஆசிரியர் நல்லவர். "சாயங்கால ஷிப்டுக்கு வந்துடறியாம்மா? நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லு. இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று நேற்று சொல்லியிருந்தார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் அவளுக்கு உயிரே வரும். பிறந்ததிலிருந்தே அப்படி. ஆனால் அதைக் கணவரிடம் எப்படிச் சொல்வது? மாமனார் காலமான சில மாதங்களிலேயே நடந்த கல்யாணம். இந்தப் பதினொரு வருஷமாக அவரோடு நாலரைக்கு எழுந்து, எழுந்ததிலிருந்து வாய் ஓயாமல் பேசி, தானும் அவர் மாதிரிதான் என்று நம்ப வைத்தாயிற்று. பேச்சை நிறுத்தினால் நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவரோ காலையில் வாயே திறக்கமாட்டார். விளக்கு கூசுகிறதென்று கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய வாரப் பத்திரிகை ஒன்றை விரித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார். விடியலில் எழுகிறவர்களுக்கே உள்ள நிதானம் என்று அவளும் மரியாதையாக நினைத்துக்கொள்வாள். மூக்குக்கண்ணாடிக் கடையைப் பத்து மணிக்குத் திறக்கிற மனுஷருக்கு நாலரைக்கு என்ன வேலை என்று கேட்டதே இல்லை.

அந்த வீட்டில் கொடுத்துவைத்தவர் மாமியார்தான். எட்டு மணிவரை அறையைவிட்டு வரமாட்டார். அவளுக்கு வயிறு எரியும்.

தேநீரைக் கணவர் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"ம்."

"கோவிச்சுக்கக் கூடாது."

"ம்."

"எனக்குச் சாயங்கால வேலை குடுக்கறாங்க. எடுத்துக்கிட்டா நாலரைக்கு எழுந்துக்க முடியாது. உண்மையைச் சொன்னா, எப்பவுமே முடியலீங்க. உங்களுக்காகத்தான் எழுந்தேன்."

பத்திரிகை மெல்ல இறங்கியது. "எனக்காகவா? நான்தானே உனக்காக எழுந்துட்டு இருக்கேன்?"

"விளையாடாதீங்க."

"இந்தக் கறுப்புக் கண்ணாடி எதுக்குன்னு நினைச்சே? இதுக்குப் பின்னாடிதான் தினமும் தூங்கறேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலாயிரம் நாள் தூக்கம் வீணாகப் போயிருக்கிறது.

"நான் நாலரைக்கு எழுவேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"அம்மாதான். 'அந்தப் பொண்ணு நாலரைக்கே எழுந்துடுவா, தனியா விடாதே, நீயும் எழுந்துடு'ன்னாங்க. உனக்கு?"

"அத்தைதான். 'என் பையன் நாலரைக்கு எழுந்துடுவான், கூட எழுந்துக்கோ'ன்னு கல்யாணமான புதுசுலயே சொல்லிட்டாங்க."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு பேரையும் எழுப்பி விட்டுவிட்டு, தான் மட்டும் எட்டு மணிவரை குறட்டையா? வேகமாகப் போய் மாமியாரின் அறைக் கதவைத் தள்ளினாள். கணவரும் பின்னாலேயே வந்தார்.

மாமியார் தூங்கவில்லை. இருட்டில், கூடத்து வெளிச்சம் விழும் பக்கமாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இருவர் முகத்தையும் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"உங்கப்பாவுக்கு மூச்சு நின்னது நாலரைக்குடா" என்றார் மகனிடம். "நீ அசந்து தூங்கிட்டு இருந்தே. எழுப்ப மனசு வரல. விடியற வரைக்கும் அவர் பக்கத்துல நான் மட்டும் உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் தினமும் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடும். நீங்க எழுந்து விளக்கைப் போட்டு, இவ பேசற சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது."