இரண்டாவது கேத்தில்

“ஊத்தாத மாக்கிரட். கேத்திலைக் கீழ வை.”

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அந்தக் கட்டடத்தின் வெளிப்படிக்கட்டு அடியில் நின்றபடி சொன்னாள் கீழ்வீட்டு அக்னெஸ். மேல்வீட்டு வாசலில் மாக்கிரட் சுடுதண்ணிக் கேத்திலும் கையுமாக நின்றாள். அவளுக்கு இது இங்கே முதல் பனிக்காலம். படிகளில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“ஒண்டு ஊத்திட்டன் அக்கா. ஐஸ் எப்பிடிக் கரைஞ்சுபோச்சு பாருங்கோ. இது ரெண்டாவது. இவர் இப்ப வேலைக்கு இறங்கப்போறார்.”

“மைனஸ் பதினெட்டு. அஞ்சு நிமிஷத்தில கண்ணாடியா உறைஞ்சுபோம். பார்க்கத் தண்ணி மாதிரித்தான் கிடக்கும். றெனோல்டை வெளியில விடாத.”

“மன்னாரில மூண்டு பிள்ளையளுக்குச் சுடுதண்ணி வார்த்து வளர்த்தனான். எனக்கு ஊத்தத் தெரியாதே?”

கதவு திறந்தது. சாப்பாட்டுப் பையுடன் அவள் கணவன் றெனோல்ட் வெளியே வைக்கக் காலைத் தூக்கினான்.

“நில்லும் தம்பி.”

அக்னெஸின் அந்தக் குரலுக்கு அவன் தூக்கிய காலை உள்ளே வைத்துக்கொண்டான்.

அக்னெஸ் தன் வாசலிலிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் பொடிக்கல்லைத் தூவித் தூவி ஏறினாள்.

“உப்புப் போட்டால் காணாதோ அக்கா?”

“இந்தக் குளிருக்கு உப்புக் கேக்காது. கல்லுத்தான். மூலைக் கடையில பையில விக்கிறான்.”

றெனோல்ட் கல் நெரிபட மெதுவாக இறங்கினான். “மெர்சி அக்கா. இல்லாட்டி இண்டைக்கு பஸ்ஸில இல்லை, அம்புலன்ஸிலதான் போயிருப்பன்” என்று சிரித்தான். பெண்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அவன் தெருமுனை திரும்பியதும் மாக்கிரட் தலை குனிந்தாள்.

“குறை நினைக்காதேங்கோ அக்கா. நீங்கள் இந்த மேல்வீட்டில இருக்கேக்க, உங்கட மனுசன் அல்பேட் அண்ணை விழுந்து உயிர்விட்டதும் இந்தப் படியிலதானே. வீட்டுச் சொந்தக்காரன் உப்புப் போடாமல் விட்டதாலதான் எண்டு கோயில்ல எல்லாரும் கதைக்கினம்.”

“ஓம். நாலு வருஷமா நானும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு திரியிறன்.”

அக்னெஸ் அவள் கையிலிருந்த கேத்திலை வாங்கினாள். அது இன்னும் சுட்டது.

“அண்டைக்கு அவர் காலைப் பூசைக்கு இறங்கினவர். வழுக்கக் கூடாது எண்டு, ரெண்டு கேத்தில் தண்ணியும் ஊத்தி முடிச்சது நான்தான்.”