மஞ்சள் கோட்டு

பிரிட்டனின் கார்டிஃப் மைதானத்தில் ஆறு நாடுகள் மோதும் ரக்பி சீசனின் கடைசி ஆட்டம். நோன்பு திறந்த கையோடு ஊரப்பாக்கம் வீட்டில் ஜெய்புன்னிசா டிவி முன் உட்கார்ந்துவிட்டாள்.

“நம்ம முபஷ்ஷிர் எங்கங்க?”

“அதோ, மஞ்சள் கோட்டு போட்டுகினு நிக்கிறான் பாரு,” என்றார் கணவர் ஜெயினுலாபுதீன்.

“எப்பவும் முதுகுதான் தெரியுது.”

“காவல் வேலைன்னா ஜனத்தத்தான் பாத்துகினு நிக்கணும். ஆட்டத்தப் பாக்கக் கூடாது.”

“இன்னியோட ஆட்டம் முடியுதுல்ல? பெருநாளைக்கு வூட்டுக்கு வரச் சொல்லுங்க.”

“சொல்றேன்,” என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜனவரியில் அவள் இதய ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த வாரம், மகனை கார்டிஃபிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். இந்த சீசனில் அங்கே நடந்த மூன்று ஆட்டங்களிலும் அவர் அவளுக்குக் காட்டியது யார் யாருடைய முதுகையோ.