கிரீம் வேணாம், மிஸ்ஸி!

"ஊசிய நான் இன்னும் எடுக்கவே இல்ல அங்கிள், அதுக்குள்ள கத்துறீங்களே!"

நர்ஸ் அமீரா இடுப்பில் கை வைத்தபடி நின்றாள். ஈப்போ ஆஸ்பத்திரி ஒன்றின் கீமோ வார்டு அது. நாற்காலியில் கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தார் அப்பாவு. அறுபதைத் தாண்டியவர். பீடோரிலிருந்து முதல் பஸ் பிடித்து, ஒரு பிளாஸ்டிக் பையோடு தனியாக வந்து சேருவார். வந்ததும் சாதுவாகத்தான் இருப்பார். ஊசி என்று சொன்னால் போதும், ஊரையே கூட்டிவிடுவார்.

"தோட்டத்துல பாம்படிச்ச ஆளுன்னு பீத்திக்குவாரு. இத்தினியூண்டு ஊசிக்கு இந்தக் கத்தா!" என்றார் பக்கத்து நாற்காலி காளியம்மா. காளியம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த மகள் சிரித்தாள். மைலோ ஆற்றிக்கொண்டிருந்த இன்னொரு மகளும் சேர்ந்து சிரித்தாள்.

அமீராவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம்தான் ஒருவர் ஊசி வலிக்குப் பயந்து கீமோவைப் பாதியில் விட்டுவிட்டுப் போனார். அப்பாவு அங்கிளுக்கு இன்னும் இரண்டு முறை பாக்கி இருக்கிறது. இந்த மனிதரும் வராமல் நின்றுவிட்டால்? கட்டி சும்மா விடுமா?

"மரத்துப்போற கிரீம் கொடுத்தேனே, வீட்லயே தடவிட்டு வாங்கன்னு. எங்க?"

"முட்டிக்குத் தேச்சுட்டேன் மிஸ்ஸி. நல்லா கேக்குது."

"அதுக்கு முந்தி கொடுத்தது?"

"அது பஸ்ல போயிருச்சுலா."

"நல்லா இருக்கு கத! இன்னிக்கி நானே தடவுறேன். கைய நீட்டுங்க."

"வேணாம் மிஸ்ஸி! கிரீம் போட்டா நரம்பு ஒளிஞ்சுக்கும்."

"ஒளிஞ்சா நான் தேடிப் பிடிச்சுக்குறேன். இனிமே சாக்கிட்டு, வலிக்குதுன்னு நீங்க கத்தவே வேணாம்."

புறங்கையில் கிரீமை அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டினாள். அப்பாவு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு உம்மென்று இருந்தார்.

கிரீம் வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அமீராவுக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. கீமோ முடிந்து வீட்டுக்குப் போன பிறகும், வெள்ளை அணு ஏறுவதற்காகச் சில நாள் ஊசி போட வேண்டும். அது பீடோர் கிளினிக்கில். இங்கேயே இந்தப் பாடு என்றால், அங்கே ஒழுங்காகப் போகிறாரோ இல்லையோ! கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

"அப்பாவு அங்கிள் ரொம்ப பயப்படுறவரு. வீட்டுல தனி ஆளு வேற. அவருக்குக் கிரீம் தடவிட்டுப் போடுங்க, ப்ளீஸ்."

அங்கே ஊசி போடும் நர்ஸைத் திரும்பக் கூப்பிடச் சொல்வதாகப் பதில் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து அமீரா அப்பாவுவிடம் வந்தாள். மற்ற நாளாக இருந்தால் இவர் அலறி ஓய்ந்த பிறகும் உடம்பு உதறிக்கொண்டே இருக்கும். அமீரா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சமாதானம் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு, அது அடங்குவதற்குள் அவளுக்கு அரை நாள் வேலை தேங்கிவிடும். இன்றைக்கு ஊசி இறங்கியதே தெரியவில்லை.

"வலிச்சுதா?"

"இல்ல."

"பாத்தீங்களா! இதுக்குப் போயி இத்தன நாளு அடம் பிடிச்சீங்க."

"இனி ஒனக்கு வேல மிச்சம் மிஸ்ஸி," என்றார் காளியம்மா.

அமீராவுக்கு ஏதோ பெரிய பரீட்சையில் தேறிவிட்ட சந்தோஷம். மருந்தை ஓடவிட்டுவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்க உற்சாகமாக நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது அப்பாவு முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். வலிக்கவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாமா? என்ன மனுஷரோ என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கிளினிக்கிலிருந்து போன் வந்தது.

"அப்பாவு அங்கிளா? அவரு ஊசி போட்டுக்க இங்க வர்றதே இல்லயே," என்றாள் அந்த நர்ஸ்.

"அல்லாவே! அப்போ ஊசியே போடலயா?"

"போட்டுக்குறாருலா! முதல் தடவ நான் சொல்லிக் கொடுத்தேன். அதுலேர்ந்து ஊசிய வீட்டுக்கு வாங்கிட்டுப் போயி, அவரு வயித்துல அவரே குத்திக்கிறாரு. அவ்ளோ தைரியசாலி. அவரா பயப்படுறாரு?"

அமீரா போனை வைத்துவிட்டு நேராக அவரிடம் வந்தாள்.

"அங்கிள், வீட்டுல நீங்களே ஊசி குத்திக்கிறீங்களாமே?"

அப்பாவு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாம்மா."

"அப்ப மட்டும் வலிக்காதா?"

"வலிக்கத்தான் செய்யும். அங்க கத்துனா, யாரும்மா வந்து என் கையப் பிடிச்சுக்கப் போறாங்க?"