பன்னிரண்டாம் நாள் நாரை

"மரத்துல நூல் கட்டியாச்சு! நாரை வந்தாச்சு!"

வெலிச்கோ வாத்தியார் செருப்பில்லாமல் தெருவில் ஓடினார். பின்னாலேயே அவர் மனைவி கீனா.

"குதிக்காதீங்க! இடுப்பு பிடிச்சுக்கிட்டா நான் ரக்கியாச் சாராயம் போட்டுத் தேய்க்கமாட்டேன்!"

நான் வேலியோரம் நின்றிருந்தேன். சும்மாதான். உள்ளே பால் பொங்கிக்கொண்டிருந்தது, பொங்கட்டும்.

மலையில் பனி உடைந்து ஓடை கலங்கிய பன்னிரண்டாம் நாள் நாரை வரும். இது வாத்தியாரின் கோட்பாடு. அவர் வீட்டுப் பூனைக்குக்கூட மனப்பாடம். வருடா வருடம் நாளைக் கணக்கிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிவிடுவார். பத்தொன்பது வருடமாக ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

இந்த முறை தலைநகர் சோஃபியாவிலிருந்து பறவை ஆய்வாளர் ராதோஸ்தினாவே வந்திருந்தாள். இன்றும் பலித்தால் வாத்தியாரின் கட்டுரை அச்சேறும். பலிக்காவிட்டால் நோட்டை அடுப்பில் போடுவதாக அவர் சபதம்.

வாத்தியாருக்குக் கண் மங்கல். எதிரே நிற்பது நானா தபால்பெட்டியா என்றே தெரியாது. நாரையை எங்கே பார்ப்பது?

ஆனால் மார்ச் ஒன்றாம் தேதி மணிக்கட்டில் கட்டிய சிவப்பு வெள்ளை நூலை, முதல் நாரையைக் கண்ட பிறகே நாங்கள் அவிழ்த்து மரத்தில் கட்டுவோம். காணாமல் கட்டினால் வருடம் விளங்காது. மனிதன் வாய் பொய் சொல்லும், நூல் சொல்லாது என்பார் வாத்தியார். தினமும் பிளம் மரக் கிளையைத் தடவிப் பார்ப்பார். முதல் நூல் கையில் தட்டுப்பட்ட நாள்தான் நோட்டில் ஏறும் உண்மை.

ரொட்டிக்கடைக்காரர் காலை ஒன்பது மணிக்கே ரக்கியாப் புட்டியோடு வந்துவிட்டார். கீனா அழுதாள். எனக்கே புல்லரித்தது. எங்கள் தெரு ஆள் அச்சில் வரப்போகிறார்!

ராதோஸ்தினா மட்டும் கிளையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"இதைக் கட்டினது யாரு? நாரை எந்தப் பக்கமா வந்துச்சு?"

தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. எப்போதும் முதல் நூல் என்னுடையது. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கட்டுவார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன கேள்வி இது, டாக்டரம்மா? படிச்ச மனுஷன் இன்னிக்குத்தான் வரும்னு சொல்லிட்டாரு. பத்தொம்பது வருஷமா சொல்றாரு. அப்புறம் நான் வேற எதுக்கு அண்ணாந்து பாக்கணும்?"